பழைய லாகினோடு புதிய மன்றத்தை இணைத்த கதை

ஈரோடு பக்கம் நாட்டு விதைகளைக் கைமாற்றிக்கொள்ளும் விவசாயிகளுக்காக ஒரு சின்ன இணையதளம் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. யாரிடம் எந்த விதை இருக்கிறது, எவ்வளவு கொடுப்பார், எந்த ஊர் என்ற பட்டியல்தான் அதன் உயிர். பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய தளம். பயனர் கணக்கும் லாகினும் முதல் நாளிலிருந்தே உண்டு. அதை நடத்துபவர் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், எல்லோருக்கும் ஐயா.

விதையை வாங்கிப்போன பிறகு வரும் பேச்சு முழுக்க வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடந்தது. எந்தப் பட்டத்தில் விதைத்தால் நோய் குறைகிறது, எந்த ரகம் கரிசலில் சாய்கிறது என்று அருமையான தகவல்கள் வரும். அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். தேடினால் கிடைக்காது. அதனால் ஒரு கலந்துரையாடல் மன்றம் வேண்டும் என்றார் ஐயா. டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளை வைக்கலாம் என்று முடிவானது. கூடவே ஒரு நிபந்தனை.

"ஏனுங்க தம்பி, இங்க இருக்கிற அதே பேரு, அதே பாஸ்வேர்டுல அங்கயும் போற மாதிரி பண்ணிப்போடுங்க. மறுபடியும் பதிவு பண்ணச் சொன்னா நம்ம ஆளுங்க வரமாட்டாங்க."

நியாயமான நிபந்தனைதான். இந்தக் காலத்தில் இன்னொரு கணக்கு, இன்னொரு பாஸ்வேர்ட் என்றால் எனக்கே அலுப்பு. ஆனால் கேட்க ஒரு வரியாக இருக்கும் இந்த வேலைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதை எழுதிவைக்கத் தோன்றியது. இரண்டு மென்பொருள்களும் ஒன்றையொன்று நம்பும்படி செய்வது ஒரு வார இறுதி வேலை. மிச்சமெல்லாம், வருகிறவர் யார் என்று சொல்லும் உரிமை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பற்றிய வேலை.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் யோசனை, "பயனர் அட்டவணையை அப்படியே காப்பி பண்ணிடு" என்பது. பெயரையும் மின்னஞ்சலையும் காப்பி அடிக்கலாம். பாஸ்வேர்டை அடிக்க முடியாது, ஏனென்றால் ஒழுங்கான தளம் எதுவும் பாஸ்வேர்டை வைத்திருப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட, திரும்பப் பாஸ்வேர்டாக மாற்ற முடியாத ஹாஷ் என்ற குறியீட்டைத்தான் வைத்திருக்கும். அந்த ஹாஷ் போடும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

பழைய மன்ற மென்பொருள்களைப் பார்த்தால் இது ஒரு தனி அருங்காட்சியகம். விபுல்லெட்டின் பாஸ்வேர்டை எம்டி5 என்ற முறையில் ஹாஷ் செய்து, அதோடு உப்பு எனப்படும் தற்செயல் எழுத்துகளைச் சேர்த்து மறுபடி எம்டி5 செய்தது. மைபிபி உப்பைத் தனியாக எம்டி5 செய்து, பாஸ்வேர்டையும் தனியாகச் செய்து, இரண்டையும் ஒட்டி இன்னொரு முறை செய்தது. எஸ்எம்எஃப் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த வினோதம்: பயனர் பெயரைச் சின்ன எழுத்தாக்கி, பாஸ்வேர்டோடு ஒட்டி, ஷா1 என்ற இன்னொரு ஹாஷ் போடும். அதாவது பயனர் பெயரை மாற்றினால் பாஸ்வேர்டும் செல்லாமல் போகும். பிஎச்பிபிபி 3-உம் வேர்ட்பிரஸும் பிஎச்பாஸ் என்ற ஒரே ஹாஷ் நூலகத்தைத்தான் எடுத்துக்கொண்டன. ஆனால் ஹாஷின் தலையில் ஒன்று எச் என்று குறி போட்டது, மற்றது பி என்று போட்டது. வேர்ட்பிரஸ் பிகிரிப்ட் என்ற வலுவான ஹாஷ் முறைக்கு மாறியது 2025 ஏப்ரலில் வந்த 6.8 பதிப்பில்தான்.

எங்கள் தளத்திலேயே இரண்டு தலைமுறை ஹாஷ் இருந்தது. ஆரம்ப காலத்தவை உப்பில்லாத எம்டி5. பிஎச்பி 5.5 வந்தபின் யாரோ ஒரு தன்னார்வலர் பிகிரிப்டுக்கு மாற்றியிருக்கிறார். அதன் பிறகு லாகின் செய்தவர்களின் ஹாஷ் மட்டும் புதிதாகியிருக்கிறது. டிஸ்கோர்ஸ் பயன்படுத்துவதோ பிபிகேடிஎஃப்2 என்ற வேறொரு முறை. பழைய ஹாஷ்களையும் ஏற்கச் செய்யும் செருகுநிரல் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் இரண்டு இடத்தில் இரண்டு பாஸ்வேர்ட் ஆகிவிடும். முதல் நாள் ஒன்றாக இருக்கும், யாராவது ஒரு பக்கம் மாற்றியதும் பிரிந்துபோகும். அப்புறம் "எனக்கு லாகின் ஆகலைங்க" என்ற அழைப்பு எந்தப் பக்கத்தைப் பற்றியது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போகும்.

இரண்டாவது யோசனை, லாகின் ஆனவரை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போட்டுவைக்கும் குக்கீயைப் பகிர்வது. தளம் தாய் டொமைனில் இருக்கிறது, மன்றம் அதன் சப்டொமைனில் வரப்போகிறது. லாகின் குக்கீயைத் தாய் டொமைன் முழுவதற்கும் என்று அமைத்துவிட்டால் மன்றமும் அதைப் பார்க்கும். நேரே டேட்டாபேஸில் போய் இந்த செஷன் யாருடையது என்று கேட்டுக்கொள்ளலாம். 2000-களில் பல தளங்கள் இப்படித்தான் ஓடின. பயனர் அட்டவணையையே இரண்டு மென்பொருளும் பகிர்ந்துகொண்ட கதைகளும் உண்டு. ஒரு பக்கம் பதிப்பு மாறி அட்டவணையில் ஒரு பத்தி கூடினால் மறுபக்கம் படுத்துவிடும்.

குக்கீ வழியில் எனக்கு இருந்த பயம் வேறு. தாய் டொமைன் முழுவதற்கும் கொடுத்த குக்கீ எல்லா சப்டொமைனுக்கும் போகும். ஐயாவின் தளத்தில் ஒரு சப்டொமைன், வெளியே வேறொருவர் சர்வரில் ஓடும் படத்தொகுப்பு. எப்போதோ யாரோ அமைத்துக் கொடுத்தது, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியாது. உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அவர்களின் லாகின் குக்கீ அந்தத் தெரியாத சர்வருக்கும் போய்க்கொண்டிருக்கும். அந்த சர்வரில் ஒருவன் நுழைந்தால் போதும், விதைப் பட்டியல் கணக்குகள் அவன் கையில்.

மன்றத்தை வேறு டொமைனில் வைத்து, தளத்தின் பக்கத்துக்குள் ஒரு சட்டகமாகக் காட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: அந்தக் கதவு மூடிவருகிறது. குரோம் 2020 பிப்ரவரியில் குக்கீகளின் இயல்புநிலையைக் கடுமையாக்கியது. அதற்கடுத்த மாதம் சஃபாரி, வேறு டொமைன் போடும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுதாக நிறுத்திவிட்டது. ஐபோனில் மட்டும் லாகின் ஆகவில்லை என்ற புகார் வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஆக மிஞ்சியது முறையான வழி. டிஸ்கோர்ஸில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது, பெயர் டிஸ்கோர்ஸ் கனெக்ட். பயனர் மன்றத்தில் உள்நுழையும் பொத்தானை அழுத்துகிறார். மன்றம் ஒரு தடவை மட்டும் செல்லும் நான்ஸ் என்ற தற்செயல் எண்ணை உருவாக்கி, திரும்பி வரவேண்டிய முகவரியோடு சேர்த்து, பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி, இரண்டு பக்கமும் மட்டுமே அறிந்த ரகசியச் சாவியால் எச்மேக் ஷா-256 என்ற முறையில் கையொப்பமிட்டு, பயனரின் பிரவுசரை நம் தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. நம் தளம் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பயனர் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தால் நல்லது, இல்லையென்றால் வழக்கமான லாகின் பக்கத்தைக் காட்டுகிறது. பிறகு அதே நான்ஸோடு பயனரின் எண், மின்னஞ்சல், பெயர் ஆகியவற்றைச் சேர்த்து, அதே சாவியால் கையொப்பமிட்டு, பிரவுசரைத் திருப்பி அனுப்புகிறது. நான்ஸுக்கு ஆயுள் 10 நிமிடம். பாஸ்வேர்ட் மன்றத்தின் பக்கமே போவதில்லை.

நடுவில் போகும் செய்தி, உறையில் போடாமல் ஊர்த் தலைவர் முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தனுப்பும் கடிதம் மாதிரி. வழியில் யாரும் படிக்கலாம், ஒரு எழுத்தை மாற்ற முடியாது. பேஸ்64 என்பதைப் பார்த்துவிட்டு இது மறைகுறியாக்கம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை, அதைப் பிரித்துப் படிக்கச் சாவியே வேண்டாம். அதனால் கைபேசி எண், ஆதார் மாதிரியான எதையும் அதில் திணிக்கக் கூடாது.

ஒரு தளத்தின் லாகினை இன்னொன்றில் பயன்படுத்த ஓஆத் 2.0, ஓப்பன்ஐடி கனெக்ட், எஸ்ஏஎம்எல் என்று பெரிய பெயர் கொண்ட பொதுத் தரநிலைகள் இருக்கும்போது இது ஏன் என்று கேட்கலாம். எங்கள் தளம் ஒரு அடையாள வழங்கியாக நடந்துகொள்ள ஓப்பன்ஐடி கனெக்ட் படி எழுத வேண்டுமானால் டோக்கன் என்ற அடையாளச் சீட்டு, திறவுகோல் சுழற்சி, ஒப்புதல் பக்கம் என்று வேலை நீளும். டிஸ்கோர்ஸ் கனெக்டுக்கு நம் பக்கம் ஒரே ஒரு பிஎச்பி கோப்பு போதும். ஒரே தளம், ஒரே மன்றம் என்றால் எனக்கு அதுதான் சரி என்று பட்டது.

அந்த ஒரு கோப்பில்தான் இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவற்றில் உள்ள ஓட்டை வரும். பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றை வெறும் சரங்களாக ஒட்டிச் செய்தியை உருவாக்குவார்கள். மின்னஞ்சலில் கூட்டல் குறி இருந்தால் அது இடைவெளியாகிவிடும். புலங்களைப் பிரிக்கவும் பயன்படும் "அன்ட்" (&) குறியோடு கடைப்பெயரை வைத்திருப்பவருக்குப் பெயர் பாதியிலேயே வெட்டுப்படும். இதெல்லாம் எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஆபத்து எதுவென்றால், டிஸ்கோர்ஸ் கனெக்ட் செய்தியில் அட்மின் என்று ஒரு புலமும் உண்டு. அதற்கு உண்மை என்று மதிப்பு வந்தால் அவர் மன்றத்தின் நிர்வாகி ஆகிவிடுவார். ஒருவர் தன் பெயரின் கடைசியில் அன்ட் குறி போட்டு அட்மின் சமம் உண்மை என்று எழுதிவைத்தால், சரம் ஒட்டும் நிரல் அதைத் தனிப் புலமாகவே அனுப்பும். நம் தளமே அதற்குக் கையொப்பமும் போட்டுக் கொடுக்கும். எச்மேக்கில் ஒரு குறையும் இருக்காது. பிஎச்பியில் வினவல் சரத்தைக் கட்டித்தரும் செயல்பாடு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் இந்தப் பிரச்சினையே எழாது. நான் ஒரு சோதனைக் கணக்குக்கு இப்படிப் பெயர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனேன்.

கையொப்பம் சரியாக இருந்தும் உள்ளே இருக்கும் தகவல் தவறாகப் போவதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2020-இல் பவுக் ஜெயின் என்ற இந்திய ஆய்வாளர் ஆப்பிள் கணக்கால் மற்ற செயலிகளில் நுழையும் ஆப்பிள் லாகினில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். எந்த மின்னஞ்சலைக் கொடுத்துக் கேட்டாலும், அது கேட்பவருடையதுதானா என்று பார்க்காமல், ஆப்பிளின் சர்வர் அதற்கு டோக்கன் கொடுத்தது. டோக்கனில் ஆப்பிளின் அசல் கையொப்பம். அதை நம்பிய எந்தச் செயலியும் சந்தேகப்பட வழியில்லை. அவருக்கு 1,00,000 டாலர் பரிசு கிடைத்தது.

நாம் ஆப்பிள் இல்லை. ஆனால் அதே கேள்வி நமக்கும் வரும்: நம் தளத்தில் இருக்கும் மின்னஞ்சல் அந்த ஆளுடையதுதான் என்று நமக்கு எப்படித் தெரியும்?

டிஸ்கோர்ஸ் கனெக்டில் வெளி எண் என்று ஒரு புலம் கட்டாயம். நம் அட்டவணையில் அந்தப் பயனரின் வரிசை எண்ணை அதில் அனுப்ப வேண்டும். மன்றம் ஒருவரை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். ஆனால் முதல்முறை வரும்போது இந்த எண் மன்றத்துக்குத் தெரியாது. அப்போது அதே மின்னஞ்சலில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால், இவர்தான் அவர் என்று முடிச்சுப் போட்டுவிடும். மன்றத்தை முன்கூட்டியே அமைத்து, ஐயாவும் இரண்டு தன்னார்வலர்களும் நேரடியாகக் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பழைய தளத்திலோ மின்னஞ்சலைச் சரிபார்க்கும் வழக்கம் கிடையாது. யாரும் எந்த முகவரியையும் எழுதலாம். ஆக, ஒருவர் விதைத் தளத்தில் ஐயாவின் மின்னஞ்சலைப் போட்டுப் புதுக் கணக்கு தொடங்கி, அப்படியே மன்றத்துக்குள் நடந்துபோனால், ஐயாவாகவே உட்கார்ந்துவிடலாம்.

இதற்கு டிஸ்கோர்ஸ் ஒரு வழி வைத்திருக்கிறது. செய்தியோடு "மின்னஞ்சலை நீயே சரிபார்த்துக்கொள்" என்று ஒரு குறியை அனுப்பினால், மன்றம் அந்த முகவரிக்கு உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்பும். அதை அழுத்தும்வரை உள்ளே விடாது. சரிபார்க்காத கணக்குகளுக்கெல்லாம் அந்தக் குறியைப் போட்டோம். கொஞ்சம் பேர் அந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்பது உண்மை. ஜிமெயிலை எழுத்துப்பிழையோடு பதிவு செய்தவர்கள், மகன் திறந்துகொடுத்த முகவரியின் பாஸ்வேர்ட் தெரியாதவர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது. அந்த வேலையை மன்றத்தை மட்டறுக்கும் அக்கா ஒருவர் எடுத்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் என் நிரல் பிரமாதமாக ஓடியிருக்கும், மன்றம் காலியாக இருந்திருக்கும்.

மின்னஞ்சலை அடையாளமாக வைக்காதே என்பது புது ஞானம் இல்லை. 2014-இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் விதிகளே தெளிவாகச் சொல்கின்றன: ஒருவரை அடையாளம் காண வழங்குபவரின் பெயரையும் அவர் கொடுத்த நிலையான எண்ணையும் சேர்த்துத்தான் நம்பலாம், மின்னஞ்சலையோ பெயரையோ நம்பக் கூடாது. அப்படியும் எல்லோரும் மின்னஞ்சலைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள், ஏனென்றால் அது கைக்கு அருகில் இருக்கிறது. 2013-இல் யாஹூ, ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத முகவரிகளை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. பழையவர் எங்கெல்லாம் அந்த முகவரியில் கணக்கு வைத்திருந்தாரோ, அங்கெல்லாம் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" அழுத்தும் வாய்ப்பு புதியவருக்குப் போனது.

"மெயில் எதுக்கு தம்பி, போன் நம்பர்ல ஓடிபி விட்டா முடிஞ்சுதுங்களே" என்று ஒருவர் சொன்னார். விவசாயிகளைப் பொறுத்தவரை அது இன்னும் இயல்பான வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் துண்டித்து, 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஊரில் எத்தனை பேர் வருடத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள் என்று பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. அதோடு ஓடிபி அனுப்ப வேண்டுமானால் அனுப்புநர் பெயர், செய்தி வாசகம் எல்லாவற்றையும் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிகளின்படி முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரு தன்னார்வத் தளத்துக்கு அந்தக் காகித வேலையே போதும் போதும் என்றாகிவிடும்.

சரி, எண்ணை வைத்தே அடையாளம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் எங்கள் அட்டவணை அடுத்த வேடிக்கையைக் காட்டியது. ஒரே மின்னஞ்சலில் பல கணக்குகள். பழைய தளம் அதைத் தடுக்கவே இல்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகவரி. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று. ஒரு கிராமத்தில் கணினி மையம் நடத்துபவர் தன் முகவரியைப் போட்டு வரிசையாகப் பலருக்குக் கணக்கு திறந்து கொடுத்திருந்தார். டிஸ்கோர்ஸில் ஒரு முகவரிக்கு ஒரு கணக்குதான்.

கணினி மனம் உடனே சொல்லும்: ஒரே முகவரி என்றால் ஒரே ஆள், இணைத்துவிடு. இணைத்திருந்தால் மனைவி கொடுத்த விதைக்குக் கணவன் பெயரில் நன்றி வந்திருக்கும். அக்காவுக்கு இதைச் சொன்னதும் சிரித்தார். "அதுதான் எப்பவும் நடக்கிறதுதானுங்களே, இதுல கம்ப்யூட்டரும் சேர்ந்துக்கணுமா?" என்றார். அதன் பிறகு இணைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியாக யார் அந்த முகவரியில் உண்மையாக லாகின் செய்தார்களோ அந்தக் கணக்குக்கு முகவரியை விட்டுவிட்டு, மற்றவர்கள் முதல்முறை மன்றத்துக்கு வரும்போது புது முகவரி கேட்டு ஒரு பக்கம் காட்டினோம். முகவரி இல்லாதவர்கள் மன்றத்தை லாகின் இல்லாமல் படிக்கலாம், எழுத முடியாது. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் இருவரை ஒருவராக்குவதைவிட இது மேல்.

அடுத்து பெயர்கள். தமிழில் தளம் நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம்.

எங்கள் உறுப்பினர்களில் பலர் பயனர் பெயரையே தமிழில் வைத்திருந்தார்கள். டிஸ்கோர்ஸ் இயல்பாகத் தமிழ்ப் பயனர் பெயரை ஏற்காது. நாம் அனுப்பிய பெயரிலிருந்து எதுவும் தேறாவிட்டால் யூசர்1, யூசர்2 என்று அதுவே வைத்துவிடும். சோதனையின்போது முழு மன்றமும் கைதி எண் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலான (யூனிகோட்) பெயர்களை அனுமதிக்கும் அமைப்பை இயக்கி, எந்தெந்த எழுத்துகள் செல்லும் என்று ஒரு வரியும் எழுத வேண்டும்.

அந்த வரியில் "தமிழ் எழுத்துகள் எல்லாம்" என்று பொதுவாக எழுதினால் தமிழ் எண்களும் உள்ளே வந்துவிடும். தமிழ் 1 அப்படியே க மாதிரி, 2 உ மாதிரி, 7 எ மாதிரி, 8 அ மாதிரி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள், கணினிக்கு வேறு வேறு ஆட்கள். ஐயா பெயரில் வரும் அ-வுக்குப் பதில் தமிழ் எட்டைப் போட்டு ஒருவர் விதை விற்க வந்தால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்? எண்களை விலக்கினோம். ஔ-வும் அப்படித்தான்: ஒற்றை எழுத்தாக அடிக்கலாம், ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் வைத்தும் அடிக்கலாம். அதற்கு விதி எழுத முடியவில்லை, மட்டறுப்பவர் கண்ணுக்கு விட்டுவிட்டோம்.

பழைய தளத்தின் பக்கமும் சிக்கல் இருந்தது. கொ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. யூனிகோட் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது, ஆனால் ஒப்பிடுவதற்கு முன் நாம்தான் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பெயர்களில் இரண்டாவது வடிவம் கிடந்தது. மன்றம் பெயர்களைத் தானே சீராக்கிக்கொள்கிறது, எங்கள் பிஎச்பி செய்யவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வடிவத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த படிக்குப் போக முடிந்தது. பாஸ்வேர்டைத் தமிழில் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். கணினியில் ஒரு விசைப்பலகை, கைபேசியில் இன்னொன்று என்றால் அதே சொல் வேறு ஹாஷ் ஆகலாம்.

தமிழ்ப் பாஸ்வேர்ட் என்றதும் இன்னொன்று. பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டும்தான் பார்க்கும். பிஎச்பியில் அதற்கு மேல் இருப்பதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் 72 எழுத்து யாரும் வைக்கப்போவதில்லை. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மு என்பதே ம ஒன்று, உகரக்குறி ஒன்று என இரண்டு குறியீடு. முருகன் என்று எழுதினால் 7 குறியீடு, 21 பைட். ஒரு நீளமான வாக்கியத்தை பாஸ்வேர்டாக வைத்தால் ஏறக்குறைய 24 குறியீட்டுக்கு மேல் என்ன எழுதினாலும் கணக்கில் வராது. இந்த 72 பைட் எல்லை பெரிய இடத்தையும் கடித்திருக்கிறது. ஓக்டா நிறுவனம் 2024 அக்டோபர் கடைசியில் தன் மென்பொருளில் ஒரு குறையைக் கண்டுபிடித்தது: பயனர் எண், பயனர் பெயர், பாஸ்வேர்ட் மூன்றையும் ஒட்டி பிகிரிப்டுக்குக் கொடுத்திருந்தார்கள். பயனர் பெயர் 52 எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் சில சூழல்களில் பாஸ்வேர்ட் இல்லாமலே லாகின் ஆகும் நிலை. லாகின் என்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனம் அது.

பெயரைப் பற்றி ஒரு துணுக்கு. முருகன் என்ற பயனரின் பக்க முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அந்த ஒரு பெயர் மட்டும் சதவீதக் குறிகளோடு 63 எழுத்தாக விரியும். "வைரஸ் லிங்க் மாதிரி இருக்குதுங்க" என்று பயந்து சிலர் அழுத்தவில்லை. பெயரைத் தமிழிலேயே காட்டு, பயனர் பெயரை ஆங்கிலத்தில் வை என்று சொல்லும் ஆட்கள் இதைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முகவரி அசிங்கமாக இருப்பது பிரவுசரின் பிரச்சினை, பெயர் வைத்தவரின் பிரச்சினை இல்லை.

உள்ளே வருவது ஒருவாறு முடிந்தது. வெளியே போவது?

விதைத் தளத்தில் லாகவுட் அழுத்தினால் மன்றத்தில் லாகவுட் ஆகாது. இரண்டும் தனித்தனி செஷன். டிஸ்கோர்ஸின் இயல்பான செஷன் ஆயுள் 1,440 மணி நேரம், அதாவது 60 நாள். கணினி மையத்தில் உட்கார்ந்து தளத்தில் லாகவுட் செய்துவிட்டு நிம்மதியாக எழுந்து போகிறவரின் மன்றக் கணக்கு, அடுத்து உட்காருகிறவருக்காகத் திறந்தே இருக்கும். இதை யாரும் முதலில் கேட்பதில்லை. விதி எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது: ஓப்பன்ஐடி கனெக்டின் லாகின் விதிகள் 2014-இல் முடிந்தன, லாகவுட் விதிகள் இறுதியானது 2022 செப்டம்பரில்.

எங்கள் தீர்வு எளிமையானது. தளத்தில் லாகவுட் அழுத்தியதும் நம் சர்வர் மன்றத்தின் ஏபிஐயை (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) அழைத்து, இந்த வெளி எண்ணுக்குரியவரை எல்லா இடத்திலும் வெளியேற்று என்று சொல்கிறது. மன்றத்தில் லாகவுட் அழுத்தினால் தளத்தின் லாகவுட் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. கணினி மையத்தில் வெளியேறினால் வீட்டுக் கைபேசியிலும் வெளியேறிவிடும். சிலர் முணுமுணுத்தார்கள். மாற்றவில்லை.

தடைசெய்வதும் தானாக நடக்காது. போலி விதை விற்ற ஒருவரைத் தளத்தில் முடக்கினால், அவர் மன்றத்தில் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பார். முடக்கும் பொத்தானுக்குப் பின்னாலும் அதே ஏபிஐ அழைப்பைச் சேர்க்க வேண்டும். மின்னஞ்சல் மாற்றமும் அப்படியே: தளத்தில் மாற்றினால் மன்றத்திலும் மாற வேண்டும், மன்றத்தில் தனியாக மாற்றவிடக் கூடாது. அதற்கான அமைப்பை இயக்கினால் போதும்.

முழுதாக விலகுகிறவர்களின் விஷயம்தான் எனக்கு இன்னும் நெருடுகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைப் பற்றிச் சொல்கிறது. தளத்தில் கணக்கை அழித்தால் ஒரு வரிசை போகும், அவ்வளவுதான். மன்றத்தில் அவர் எழுதிய பதில்களை அழித்தால் மற்றவர்களின் பேச்சும் அறுந்துபோகும். டிஸ்கோர்ஸ் அடையாளம் நீக்கும் வசதி தருகிறது: பெயர் மறைந்து ஒரு எண்ணாகும், மின்னஞ்சல் போகும், எழுதியது நிற்கும். ஆனால் எங்கள் ஆட்கள் பதில் எழுதும்போது பயனர் பெயரைச் சுட்டுவதில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி, அண்ணன் என்று சேர்த்து, அவர் தோட்டம் எந்த வாய்க்கால் ஓரம் என்பதுவரை எழுதுகிறார்கள். அதை எந்தப் பொத்தானும் நீக்காது. விலகுகிறவர் கேட்டால் அக்கா அந்தப் பதிவுகளைத் தேடிக் கையால் திருத்துகிறார்.

நிர்வாகிகளுக்கு ஒரு குறிப்பு, சுருக்கமாக. டிஸ்கோர்ஸ் கனெக்டை இயக்கியதும் மன்றத்தின் சொந்த லாகின் மறைந்துவிடும். தாய்த் தளம் படுத்தால் நிர்வாகியும் வெளியேதான் நிற்பார். அதற்கென்று நிர்வாகிகளுக்கு மட்டும் மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பும் தனிப் பக்கம் ஒன்று இருக்கிறது. அந்த முகவரியை, தாய்த் தளத்தின் சர்வரில் இல்லாத ஒரு இடத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மன்றத்தின் மின்னஞ்சல் சேவையும் அதே சர்வரில் ஓடினால் இதுவும் உதவாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது ஐயா விதைக் கையிருப்பைக் கணக்கெடுக்க ஒரு கைபேசிச் செயலி வேண்டும் என்கிறார். "அதே லாகின்தானுங்களே தம்பி, உங்களுக்குத்தான் வழி தெரிஞ்சுபோச்சே" என்கிறார். டிஸ்கோர்ஸ் கனெக்ட் டிஸ்கோர்ஸுக்கு மட்டும்தான் என்பதால் இந்த முறை ஓப்பன்ஐடி கனெக்டைத் தவிர்க்க முடியாது. நல்லவேளை, டிஸ்கோர்ஸ் அதையும் ஒரு செருகுநிரல் வழியாக ஏற்கிறது. அட்டவணையில் வெளி எண்கள் ஏற்கெனவே நிலையாக இருக்கின்றன. அதே எண்ணை நிலையான அடையாளமாக அனுப்பினாலும், பழைய மன்றக் கணக்குகளோடு அது தானாகப் பொருந்தாது. இணைப்பை மாற்றும் அன்று யாரும் மின்னஞ்சலை வைத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளாதபடி, எண்ணுக்கு எண் பொருத்தும் ஒரு நிரலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.